வியூ பாயின்ட்டில் பறவையைத் தேடாதீர்கள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பறவை பார்க்க ஆட்களை அழைத்துச் செல்பவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: சென்ற டிசம்பரில் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு குடும்பத்தோடு ஏற்காடு போனோம். காலை எட்டரை மணிக்குச் சேலத்தில் கிளம்பி லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று சுற்றினோம். செம்மீசைச் சின்னானையும் காக்கையையும் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. மலையில் பறவைகள் குறைந்துவிட்டனவா?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: பறவைகள் இருக்கின்றன அம்மா. நீங்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் அவை காலை இரையை முடித்துவிட்டு மர நிழலுக்குள் ஒதுங்கியிருக்கும். வியூ பாயின்ட்டுகள் பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கான இடங்கள். வெயிலும் ஆள்கூட்டமும் ஹார்ன் சத்தமுமாக இருக்கும் இடத்தில் பறவைக்கு என்ன வேலை?

முந்தைய இரவே மேலே தங்கிவிடுங்கள். விடியும்போது ஒரு காப்பித் தோட்டத்துக்குள் நிற்க வேண்டும். தோட்டங்கள் தனியாருடையவை. உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குவதுதான் வழிகாட்டியின் முதல் வேலை. அதைச் செய்யாதவர்தான் உங்களை வியூ பாயின்ட்டுக்குக் கூட்டிப்போகிறார். பணம் கொடுக்கும் முன் "எந்தத் தோட்டம், யாரிடம் கேட்டீர்கள்?" என்று தயங்காமல் விசாரியுங்கள். தோட்டங்களில் காட்டெருமைகள் நடமாடுகின்றன. அரை இருட்டில் பிள்ளைகள் வழிகாட்டியைத் தாண்டி முன்னே ஓடக் கூடாது.

உள்ளே போன பிறகு அதிகம் நடக்க வேண்டாம். பழுத்திருக்கும் ஓர் அத்தி மரத்தைப் பார்த்து அதன் எதிரே நின்றுவிடுங்கள். ஒரு மணி நேரம் நின்றாலும் நல்லதுதான். வெகுநேரம் ஒன்றுமே இருக்காது. திடீரென்று மரம் முழுக்கச் சலசலக்கும். பட்டாணிக் குருவி, வெள்ளைக்கண்ணி, மின்சிட்டு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடி வரும். ஒன்று கலைத்துவிடும் பூச்சியை இன்னொன்று பிடிக்கும். கண்கள் அதிகம் என்பதால் வல்லூறு வந்தாலும் சீக்கிரம் தெரிந்துவிடும். சில நிமிடங்களில் கூட்டம் அடுத்த மரத்துக்குப் போய்விடும். நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

எல்லோரும் மேலேயே பார்ப்பார்கள். உங்கள் பிள்ளைகளைக் காப்பிச் செடிகளுக்கு அடியிலும் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் அங்கே கொடிக்கால் வாலாட்டி சருகுகளுக்கு நடுவே மெல்ல நடந்து போகும். மேலே பழுப்பு, வெள்ளை மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது பக்கவாட்டில் ஆட்டும், அதுவும் வாலை மட்டும் ஆட்டாமல் பின்னுடம்பையே அசைக்கும். கிழக்கு ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு நம் காப்பித் தோட்டத்துக்கு வருகிற பறவை அது. அதை ஒருமுறை பார்த்த பிள்ளை மறுபடியும் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லும்.

திரும்பும்போது, நேரமிருந்தால், பாறையும் புதருமான கீழ்ச்சரிவுகளில் கவனியுங்கள். மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்கும் இடம் அது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. வண்டியை மட்டும் வளைவில் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பைனாகுலர் 10x50 வாங்கலாமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: வேண்டாம். 8x42 போதும். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகும். மரத்துக்கு மரம் தாவும் குருவியைப் பிடிப்பதற்குள் அது போய்விடும். 50 கனமும் கூட, கழுத்து வலிக்கும்.

கேள்வி: ஆறுமணிக் குருவியின் குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டால் அது பக்கத்தில் வந்துவிடுகிறது. நல்ல படம் கிடைக்கிறது. இதைத் தவறு என்கிறார்களே?
– கல்லூரி மாணவர், ஓமலூர்

பதில்: தவறுதான் தம்பி. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவு இரவாகப் பறந்து குளிர்காலத்துக்கு நம்மிடம் வருகிறது அது. வந்த இடத்தில் சருகைப் புரட்டிப் புழு தின்னத் தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும். உங்கள் செல்போன் குரலைக் கேட்டதும், தன் இடத்தைப் பறிக்க இன்னொன்று வந்துவிட்டது என்று நம்பி, இரையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. அது வந்து நிற்பது உங்களுக்கு அழகாக இருக்கலாம். அதற்கு அது பதற்றம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒவ்வொரு குழுவும் இதையே செய்தால் அந்தப் பறவை எப்போது சாப்பிடும்?

அது தானாகவே விடியலிலும் அந்தியிலும் கூப்பிடும். அந்த நேரத்துக்குப் போய் உட்காருங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. நான்கு நாட்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம். கேட்ட குரலையும் அதில் பதிவு செய்யலாம், படம் கட்டாயமில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பழைய நிழல் மரங்களை எடுத்துவிட்டுச் சில்வர் ஓக் மட்டும் வைக்கச் சொல்கிறார்கள். மிளகுக்கும் வசதி, மரத்துக்கும் விலை கிடைக்கும். பறவைகளுக்கு என்ன வித்தியாசம்?
– வாசகர், நாகலூர்

பதில்: பெரிய வித்தியாசம் ஐயா. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். பூக்கும் காலத்தில் தேன் உண்டு, சதைப்பழம் இல்லை. அத்தி, நாவல் மரங்களை எடுத்துவிட்டால் குக்குறுவானுக்கும் சின்னானுக்கும் உங்கள் தோட்டத்தில் சாப்பாடு போய்விடும். அவை போனால் விதை பரப்ப ஆளில்லை.

உங்கள் வருமானத்தை விடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சில்வர் ஓக் வையுங்கள், ஆனால் இருக்கும் அத்தியை வெட்டாதீர்கள். பட்டுப்போன கிளைகளையும் பார்த்து வெட்டுங்கள்: குக்குறுவான் அந்த மெத்தென்ற கட்டையில்தான் பொந்து குடையும்; அது விட்டுப்போன பொந்தில் பின்னால் பட்டாணிக் குருவி குடியேறலாம். ஆட்கள் நடக்கும் பாதைக்கு மேலே தொங்கும் கிளையை மட்டும் எடுத்தால் போதும்.