திங்களன்று பத்மநாபபுரம் அரண்மனை திறந்திருக்குமா?

திங்களன்று திறந்திருக்காது, அன்று அரண்மனைக்கு விடுமுறை. உங்கள் பயணத் திட்டத்தில் அதே நாளில் போட்டிருக்கும் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகமும் திங்களன்று மூடியிருக்கும்.

அரண்மனை தக்கலை பக்கம், தமிழ்நாட்டு மண்ணில் இருப்பதால் தமிழக விடுமுறைப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். 1956இல் குமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. விடுமுறையை அங்கேதான் பார்க்க வேண்டும்.

திங்களை முட்டம் கடற்கரைக்கு வையுங்கள். செம்மண் மேட்டுக்குக் கீழே மணலில் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கும். காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் பூ வாடிவிடும்.

செவ்வாய் காலை ஒன்பதுக்கு அரண்மனை. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் கறுப்புத் தரையை அவசரமில்லாமல் பாருங்கள், கண்ணாடி மாதிரி பளபளக்கும். மதிய இடைவேளை உண்டு, பன்னிரண்டரைக்குப் போய் நிற்காதீர்கள்.

அப்புறம், சரக்கொன்றைக்காகவே வருகிறீர்கள் என்றால் பங்குனிக் கடைசிதான் சரி. மார்ச் தொடக்கத்தில் பல மரங்கள் பூத்திருக்காது.