தீபாவளிக்கு அலுவலகத்தில் பரிசு சேகரித்துக் குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுப்பது எப்படி?

வரவேற்பறையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வைத்து, வீட்டில் இருக்கும் துணி, பொம்மை எல்லாவற்றையும் போடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எச்ஆர் இந்த வேலையை உங்கள் தலையில் கட்டியிருக்கிறது, தீபாவளியும் நெருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தயவுசெய்து பெட்டி வைக்காதீர்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையில் நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் அப்படித்தான் பெட்டி வைப்பார்கள். அது நிரம்பியதும் இல்லத்துக்கு வேனில் போகும். ஒருமுறை நானும் கூடப் போய், இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவோடு உட்கார்ந்து பிரித்தேன். ஜிப் போன ஜீன்ஸ், அக்குள் கிழிந்த சுடிதார், ஒற்றைக் கால் ஷூ, பாதித் துண்டுகள் காணாமல் போன புதிர் விளையாட்டு, போன வருடத்து டைரி, யாரோ கல்யாணத்தில் கொடுத்த பிளாஸ்டிக் குங்குமச் சிமிழ். அந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தேறாததை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டே, "அடுத்த தடவை அளவு எழுதித் தரேன் மேடம், கம்மியா இருந்தாலும் பரவாயில்ல, புதுசா வாங்கிக் குடுங்க" என்றார். நம் வீட்டுப் பிள்ளைக்குத் தீபாவளியன்று கிழிசலைக் கொடுப்போமா? எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்த வருடம் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். குழந்தைகளிடமே கேட்டு, ஒரு குழந்தைக்கு ஒரு அட்டை என்று எழுதி வாங்கினோம். அட்டையில் பெயர் கிடையாது. ஓர் எண், வயது, ஆணா பெண்ணா, சட்டை அளவு, செருப்பு அளவு, பிடித்த நிறம், வேண்டும் என்று கேட்ட ஒரு பொருள். அவ்வளவுதான். எந்த எண் யார் என்பது இல்லத்து அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இது நான் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவில் சால்வேஷன் ஆர்மி 1979-இல் கிறிஸ்துமஸ் மரத்தில் இப்படிக் குழந்தைகளின் விருப்பங்களை அட்டையில் எழுதித் தொங்கவிட ஆரம்பித்தது. இங்கேயும் பல அலுவலகங்களில் டிசம்பரில் செய்கிறார்கள். தீபாவளிக்குச் செய்யக் கூடாது என்று ஒன்றும் இல்லை.

அட்டைகளை அலுவலகத்தில் ஒட்டிவிடுவோம், விரும்புபவர் ஓர் அட்டையை எடுத்து அதில் இருப்பதைப் புதிதாக வாங்கி வர வேண்டும். அப்படி ஒட்டியபோது ஒன்று கவனித்தேன். ஐந்து வயது, ஆறு வயது, இளஞ்சிவப்பு கவுன், ரிமோட் கார் என்று இருந்தவை மதியத்துக்குள் போய்விட்டன. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களின் அட்டைகள் அப்படியே நின்றன. அவர்கள் கேட்டது கைக்கடிகாரம், கால்பந்து ஷூ, ஒரு பையன் முகச்சவர செட். பெரிய பெண்கள் நெயில் பாலிஷும் நல்ல உள்ளாடையும் கேட்டிருந்தார்கள். "இதையெல்லாமா கேக்குறாங்க?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். ஏன் கேட்கக் கூடாது? அவர்கள் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லாரிடமும் இருக்கிறதே. அதன் பிறகு பெரிய பிள்ளைகளின் அட்டைகளை மட்டும் முதலில் ஒட்டி, அவை தீர்ந்த பிறகுதான் சிறுவர்களுடையதை வெளியே எடுத்தேன். நீங்களும் இதைச் செய்யுங்கள். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

எல்லா அட்டைக்கும் ஒரே விலை வரம்பு வையுங்கள். ஒருவர் ஆசையில் சைக்கிளே வாங்கி வந்துவிடுவார், பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் வந்திருக்கும். அன்று ராத்திரி அங்கே என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அட்டை எடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுபவர்கள் கட்டாயம் இருப்பார்கள், அதற்குக் கொஞ்சம் பணம் தனியாகச் சேர்த்து வையுங்கள். குழந்தைகள் நலக் குழு (எந்தப் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் மாவட்ட அமைப்பு) இடையில் புதிதாகப் பிள்ளைகளை அனுப்பும், ஆகவே நாலைந்து செட் கூடுதலாகவும் இருக்கட்டும். பட்டாசு வேண்டாம். பொம்மை வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். பல பிள்ளைகள் லீவுக்கு அம்மாவிடமோ பாட்டியிடமோ போய்விடுவார்கள், அதனால் லீவு விடுவதற்கு முன்பே பொருள் போய்ச் சேர வேண்டும்.

இல்லம் பதிவு பெற்றதா என்று பார்ப்பது முக்கியம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு கட்டாயம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் சொல்வார்கள்.

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நிர்வாகத்துக்குப் பேனர் வேண்டும், பேனருக்கு முன்னால் பரிசோடு பிள்ளைகள் நிற்க வேண்டும். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே இருக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். இதை அச்சடித்து மேனேஜர் மேசையில் வைத்தேன். அந்த வருட அப்ரைசலில் 'ஒத்துழைப்பு குறைவு' என்று எழுதினார்கள். எழுதிக்கொள்ளட்டும். உங்களுக்குப் படம் தேவை என்றால் கட்டி அடுக்கிய பரிசுப் பொட்டலங்களை எடுத்துப் போடுங்கள். பொருளை இல்லத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், பிள்ளைகளுக்கு அவர் கையால் கிடைக்கட்டும். வரிசையில் நின்று யாரென்றே தெரியாதவரிடம் வாங்கி 'தேங்க்யூ சார்' சொல்ல வேண்டிய அவசியம் எந்தக் குழந்தைக்கும் இல்லை.

"பணமாகக் கொடுத்தால் போதாதா, 80ஜி-யாவது கிடைக்குமே" என்று கருத்துப் பகுதியில் யாராவது வருவார்கள், தெரியும். பொருளாகக் கொடுத்தால் அந்த வரிக் கழிவு கிடையாதுதான். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்குப் பணமாகக் கொடுத்தாலும் கிடையாது. இல்லத்துக்கு மாதாமாதம் பணமும் அனுப்புங்கள், ஜூனில் நோட்டும் ஷூவும் வாங்கும்போது அதுதான் கைகொடுக்கும். ஆனால் தனக்கென்றே, தான் கேட்ட நிறத்தில் ஒரு சட்டை வருவதை அரிசி மூட்டைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒரு நாள் பரிசால் வறுமை ஒழியுமா என்பவர்களுக்கும் இதேதான் பதில். ஒழியாது. பிள்ளைக்குச் சட்டை வேண்டும், கொடுக்கிறோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டிகளைத் தூக்கி வேனில் ஏற்றியது எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள். எல்லாரும் கான்ட்ராக்ட். தீபாவளிக்கு எங்களுக்கு முந்திரிப் பெட்டியும் வவுச்சரும் வந்தன, அவர்களுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ்கூட இல்லை. போனஸ் சட்டம் வந்தது 1965-இல். குறைந்தபட்சம் 8.33 சதவீதம், கான்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்று நிர்வாகம் கை காட்டியது, கான்ட்ராக்டர் போனையே எடுக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் கடைசி வருடம் அவர்களையும் கேட்டு, சம்மதித்தவர்களின் பிள்ளைகளுக்கும் அட்டை எழுதி, மற்றவற்றோடு கலந்தே ஒட்டினேன். யாருடையது எது என்று யாருக்கும் தெரியாது.

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே இல்லத்துக்குப் போன் செய்துவிடுங்கள். அட்டை எப்படி இருக்க வேண்டும் என்று மாதிரி வேண்டுமானால் கீழே கேளுங்கள், தட்டச்சு செய்து போடுகிறேன்.