கேள்வி – பதில்: ஒஹையோவில் கூட்டமில்லாத இடங்கள்

கேள்வி: மகள் கொலம்பஸில் இருக்கிறாள். போன முறையே நயாகரா பார்த்தாயிற்று. எனக்கு மூட்டுவலி. கூட்டமில்லாத இடம் பக்கத்தில் உண்டா?
– வாசகி, காட்பாடி

பதில்: அவசியம் சில்லிகோத்தி போய் வாருங்கள், அம்மா. காரில் தெற்கே ஒரு மணி நேரம். அங்குள்ள ஹோப்வெல் மண்மேடுகள், அதாவது அமெரிக்கப் பூர்வகுடிகள் எழுப்பியவை, 1,600 முதல் 2,000 ஆண்டுகள் பழமையானவை. 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அனுமதி இலவசம். வேலூர் கோட்டை மாதிரி கல் மதிலை எதிர்பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரிவது புல் மூடிய மேடுகள்தான். நேரே மைதானத்தில் இறங்குபவர்கள் பத்தே நிமிடத்தில் சலித்துத் திரும்புவது அதனால்தான். முதலில் அருங்காட்சியகம். வெகு தொலைவிலுள்ள லேக் சுபீரியர் ஏரிப் பக்கத்துச் செம்பும் யெல்லோஸ்டோன் பகுதியின் எரிமலைக் கண்ணாடிக் கல்லும் அந்தக் காலத்திலேயே இங்கே வந்திருக்கின்றன என்று தெரிந்தபின் மேடுகளைப் பாருங்கள். 1917-ல் ராணுவ முகாமுக்காகப் பல மேடுகளைச் சமன்படுத்திவிட்டார்கள். இன்று இருப்பவற்றில் பல, பிறகு மீட்டுக் கட்டியவை. மேடுகள்மேல் ஏறக்கூடாது. மைதானத்தில் நிழல் குறைவு, தொப்பி வேண்டும்.

கொலம்பஸிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரத்தில் கயஹோகா வேலி தேசியப் பூங்கா, அதுவும் இலவசம். பழைய கால்வாயோரப் பாதை சமதளம், மூட்டுக்குச் சிரமம் தராது. பிராண்டிவைன் அருவியில் மேல்தளத்தோடு நின்றுவிடுங்கள். கீழே போகப் படிகள் அதிகம்.