மென்பொருளில் நாயனத்தின் சுருதி இறங்கினால்

இசைத் தொகுப்பு மென்பொருளில் உங்கள் ப்ராஜெக்டின் சாம்பிள் ரேட்டை (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிவது என்ற எண்ணிக்கையை) 48000 ஹெர்ட்ஸாக மாற்றிவிட்டு, கும்பகோணம் தேரோட்டத்தில் கைபேசியில் எடுத்த நாயனப் பதிவைப் புதிதாக உள்ளே சேருங்கள். சிந்தசைசரில் நீங்கள் அமைத்த தம்பூராவைவிட அது முக்கால் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) இறங்கி ஒலிக்கும் குறை பெரும்பாலும் அதோடு தீரும்.

கைபேசிகள் பலவும் காணொளியின் ஒலியை 48000-இல் பதிகின்றன. உங்கள் ப்ராஜெக்டோ 44100-இல் இருந்திருக்கும். கோப்பைச் சேர்க்கும்போது அதன் சாம்பிள் ரேட்டை ப்ராஜெக்டுக்கு ஏற்ப மாற்றட்டுமா என்று மென்பொருள் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால், சுருதி இறங்குவதோடு காலப்பிரமாணமும் இழுபடும். தவில் வித்வான் விடிய விடிய வாசித்துக் களைத்தவர்போலத் தோன்றுவார்.

மூலத்தில் சரியாக 60 விநாடி வரும் துண்டு ப்ராஜெக்டில் 65.3 விநாடியாக நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீண்டிருந்தால் காரணம் இதுவே.

நீளம் மாறாமல் சுருதி மட்டும் ஒட்டவில்லையென்றால் மேலே சொன்னது உதவாது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சாமரத்தில் கடைந்த நாயனமே ஆனாலும், சீவாளியும் (ஊதும் முனையில் செருகும் நாணல்) ஊதுபவரின் மூச்சும் சேர்ந்தே சுருதியை நிறுத்துவதால், அது A சுரத்தை 440 ஹெர்ட்ஸாகக் கொள்ளும் கணக்கில் அமைந்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கக்கூடும். அப்போது சிந்தசைசரைச் சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் நகர்த்துங்கள். நாயனத்தைத் திருத்தப் போனால் சுரங்களின் அசைவுகளான கமகங்கள் சிதைந்துவிடும்.