லட்சுமியின் ஜரிகைச் சேலை

அன்புள்ள ஐயா,

காரைக்குடிப் பக்கம் அப்பத்தா வீட்டுச் சாமான்களைப் பிரித்தபோது என் பங்குக்கு ரவி வர்மாவின் லட்சுமி படம் வந்தது. தேக்குச் சட்டம், கண்ணாடி. கீழே அவர் கையெழுத்து இருக்கிறது. சேலையின் மேல் யாரோ ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அசலாக இருந்தால் கோடிக்குப் போகும் என்கிறார் மைத்துனர். பழம்பொருள் கடைக்காரரோ ஜரிகையைப் பிரித்துச் சுத்தம் செய்து கொண்டுவரச் சொல்கிறார். என்ன செய்யட்டும்? புகைப்படங்கள் இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

தயவுசெய்து ஜரிகையில் கை வைக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

படத்தின் மூலை கிழிந்த இடத்தில் தாள் தெரிகிறது. இது அச்சுப் படம். கையெழுத்தும் படத்தோடு சேர்ந்து அச்சானதுதான். எல்லாப் பிரதியிலும் அதே இடத்தில் இருக்கும். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். கல்லில் படம் வரைந்து அச்சிடும் கல்லச்சு முறை அது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஒரே தாளை ஒவ்வொரு கல்லிலும் அழுத்தி எடுத்து, மேலே வார்னிஷ் பூசி எண்ணெய் ஓவியத்தின் மினுமினுப்பைக் கொண்டுவருவார்கள். பின்னர் லோனாவலா அருகே மளவலிக்கு மாறிய அந்த அச்சகம், 1900களின் தொடக்கத்தில் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. 1906இல் ஓவியர் இறந்த பிறகும் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. அதனால் கையெழுத்தை வைத்துப் படத்தின் வயதைச் சொல்ல முடியாது.

மையைப் பாருங்கள். லட்சுமியின் கன்னத்துக்கு நேரே பூதக்கண்ணாடியைப் பிடியுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கே நிறம், கோலத்துக்கு வைத்த புள்ளிபோல வரிசை பிசகாமல் தெரிந்தால் அது பிற்காலத்தில் தகடுகளைக் கொண்டு அச்சிட்ட ஆஃப்செட் படம். ஒழுங்கில்லாத பொடிப் பொட்டுகளாக, இளஞ்சிவப்பும் காவியும் பழுப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பழைய கல்லச்சு.

அடி ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கலாம். சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று பலர் அந்த ஓரத்தையே வெட்டிவிட்டார்கள். அதைத் தேடி நீங்களே சட்டத்தைக் கழற்ற வேண்டாம். வார்னிஷ் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் முகம் பிய்ந்து வந்துவிடும். பழைய தாள்களைப் பராமரிக்கத் தெரிந்தவர் செய்யட்டும்.

கல்லச்சாகவே இருந்தாலும் கோடி வராது. லட்சுமியும் சரஸ்வதியும் அதிகம் விற்றவை. இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன.

ஆனால் அந்தத் தையல் உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. அம்மனுக்குப் பட்டுச் சாத்துவதுபோல, வாங்கி வந்த அச்சுப் படத்துக்குத் துணியும் ஜரிகையும் மணியும் வைத்து அழகு பார்ப்பது அன்று பலரிடம் இருந்த பழக்கம். இப்படி அலங்கரித்த படங்களைத் தனியாகத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிரித்தால் ஊசித் துளைகள் மிஞ்சும். ஜரிகைக்கு அடியில் வெளிச்சம் படாத நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். கடைக்காரர் சொன்ன யோசனையை என்னால் ஏற்கவே முடியவில்லை.

யார் தைத்தது என்று குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்டீர்களா? அப்பத்தாவா, அவருக்கும் முந்தியவரா? தெரிந்தால் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதி, ஓர் உறையில் இட்டுச் சட்டத்தின் பின்புறம் செருகி வையுங்கள். படத்தின் முதுகில் எழுத வேண்டாம்.