சோலைக்காட்டு ஓடைப் பள்ளத்தில் காளான் தேடுவது எப்படி?

சமைக்க அல்ல, படம் எடுத்து இனம் காண மட்டும் என்று கேட்டிருப்பதால் பதில் சுலபம்.

முதலில், தரையையே பார்த்து நடப்பதை விடுங்கள். நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் நாவல், லவங்கப்பட்டை குடும்பத்து மரங்கள் அதிகம். அவற்றின் வேரோடு கூட்டு வைக்கும் பூஞ்சைகள் பெரும்பாலும் குடை விடாத வகை. ஆகவே கண்ணில் படுவதில் பெரும்பங்கு மக்கும் கட்டையிலும் சருகிலும் வளர்வதுதான். வெள்ளைப் பொட்டு வைத்த சிவப்புக் குடையைச் சோலைக்குள் தேட வேண்டாம். அது வெளியிலிருந்து வந்தது, பைன் தோப்புப் பக்கம் போய்ப் பாருங்கள்.

நீலகிரியின் மேற்குச் சரிவுக்கு ஜூன் முதல் செப்டம்பர், பழனி மலைக்கு அக்டோபர், நவம்பர். கொட்டும் மழையில் போகாதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, மேட்டுநிலம் காய்ந்த பிறகும் பள்ளத்தில் ஈரம் நிற்கும்.

ஓடையை எதிர்த்து மேல்நோக்கி நடங்கள். கீழிருந்து பார்த்தால்தான் கட்டைகளின் அடிப்பக்கம் தெரியும். காளான் ஒளிந்திருப்பது அங்கேதான். மணிக்கு நூறு மீட்டர் போனால் போதும், அதுவே வேகம். விரல் தடிமன் சுள்ளிகளை விட்டுவிடாதீர்கள்: மழைநீர் தேங்கிய சின்னக் கிண்ணம்போல இருப்பது குக்கெய்னா. சருகில் கருங்கம்பி போன்ற காம்போடு நிற்பது மராஸ்மியஸ். காய்ந்து சுருண்டிருந்தால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் தெளித்துச் சற்றுப் பொறுத்தால் விரியும். அழுகல் நாற்றமும் ஈக்கூட்டமும் இருந்தால் வலைப்பாவாடைக் காளான் பக்கத்தில் இருக்கலாம். காலையிலேயே பார்த்துவிடுங்கள், அன்றைக்கே துவண்டுவிடும். கட்டையைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள்.

பத்து மடங்கு லென்ஸ், தலைவிளக்கு, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி, ஒரு ஸ்கேல் போதும். மேலிருந்து எடுத்த அழகான படத்தை வைத்து யாராலும் இனம் சொல்ல முடியாது. செவுள் போன்ற மடிப்பா துளையா என்று காட்டும் தொப்பியின் அடிப்பக்கம், காம்பின் அடி, பக்கவாட்டு, வளர்ந்த இடம் எல்லாம் வேண்டும். மணத்தையும், கட்டையா சருகா மண்ணா என்பதையும் அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்தால் மறந்துவிடும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவோ பறிக்கவோ கூடாது. சொந்தத் தோட்டத்து ஓடை என்றால் ஒன்றிரண்டைக் காகித உறையில் எடுங்கள். பாலிதீன் பையில் வியர்த்து விரைவில் கூழாகிவிடும். காம்பை வெட்டிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்புக் காகிதத்தின் மேல் தொப்பியைச் செவுள் கீழாக வைத்து, டம்ளரால் இரவு முழுக்க மூடுங்கள். உதிரும் வித்துத் தூளின் நிறம் தாளில் தெரியும், அது இனம் காண உதவும். வெள்ளை வித்து வெள்ளைத் தாளில் தெரியாது, அதற்காகத்தான் கறுப்புப் பாதி.

மனம் மாறி ருசி பார்க்கத் தோன்றினால்: விஷக் காளானைக் காட்டிக்கொடுக்கும் என்று சொல்லும் வெள்ளிக்காசு, பூண்டுச் சோதனை எல்லாம் பொய். சில காளான்களில் இருக்கும் அமாட்டாக்சின் என்ற கொடிய நஞ்சு கொதித்தாலும் அழியாது; வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் ஈரல் கெடத் தொடங்கியிருக்கும்.

அட்டைக்கு உப்பு, முழங்கால் வரை துணியுறை. காட்டுமாடுதான் உண்மையான ஆபத்து: ஓடை இரைச்சலில் அதன் சத்தம் உங்களுக்கும் உங்கள் சத்தம் அதற்கும் கேட்காது. வளைவுகளில் உரக்கப் பேசிக்கொண்டே போங்கள். தண்ணீர் திடீரெனக் கலங்கினால் படத்தை விட்டுவிட்டுக் கரையேறுங்கள், மேலே மழை பிடித்திருக்கிறது.