சேற்றில் ஓட எந்தக் கால்?

கேள்வி: எனக்கு வயது 31. விபத்துக்குப் பிறகு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து நான்கு வருடம் ஆகிறது. பெங்களூரில் நடக்கும் 5 கிலோமீட்டர் தடை ஓட்டத்தில் (சேறு, சுவர், வலை, கயிறு எல்லாம் தாண்டி ஓடுவது) நண்பர்களோடு கலந்துகொள்ள ஆசை. பின் லாக் (கம்பிப் பூட்டு) வைத்த கார்பன் பாதச் செயற்கைக் கால் ஒன்றும், பழைய ஜெய்ப்பூர் செயற்கைக் கால் ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. எதைப் போட்டுக்கொள்வது? என்னால் முடியுமா?
- வாசகர், கோவை

பதில்: முடியும். 2005-இல் ஈராக் போரில் இடது கையையும், முழங்காலுக்கு மேலே இடது காலையும் இழந்த நோவா கேலோவே, ஸ்பார்ட்டன் என்ற தடை ஓட்டங்களில் சுவர் ஏறியிருக்கிறார், சேற்றில் ஊர்ந்திருக்கிறார். உங்களுக்கு முழங்கால் இருக்கிறது. சுவர் ஏறும்போது அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரியும்.

ஜெய்ப்பூர் காலைப் பற்றி நீங்கள் யோசித்ததில் அர்த்தம் இருக்கிறது. 1968-இல் அதை உருவாக்கும்போதே ஈரத்திலும் வயல் சேற்றிலும் வெறுங்காலோடு நடப்பவர்களை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். ஆனால் நடப்பது வேறு, ஓடிக் குதிப்பது வேறு. என் தேர்வு கார்பன் கால்தான். அது தண்ணீரில் இறங்கலாமா என்று மட்டும் முதலில் செய்து கொடுத்தவரிடம் கேட்டுவிடுங்கள். எல்லாப் பாதமும் தாங்காது.

உண்மையான ஆபத்து பாதத்தில் இல்லை, காலைப் பிடித்து வைத்திருக்கும் இடத்தில். ஸ்டம்ப்பில், அதாவது எஞ்சிய காலில், மாட்டும் லைனர் என்ற மெத்து உறையின் நுனியில் ஒரு கம்பி இருக்கும், அதுதான் பின். செயற்கைக் காலின் சாக்கெட் என்ற கிண்ணத்துக்கு அடியில் உள்ள லாக்கில் அது மாட்டிக்கொள்ளும். ஆழமான சேறு பாதத்தை உள்ளே இழுக்கும். நீங்கள் மேலே இழுப்பீர்கள். மொத்த இழுவையும் ஸ்டம்ப்பின் நுனியில், அந்த ஒரு பின் மேல் விழும். தோல் வீங்கிக் கன்றிப்போகும். லாக்குக்குள் மண் புகுந்தால் பின் சரியாக மாட்டாது, சில நேரம் கழற்றவே வராது. அதனால் சாக்கெட்டின் மேல்பாதியிலிருந்து தொடை வரை வரும் இறுக்கமான ஸ்லீவ் ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள். மண்ணையும் தடுக்கும், பின் விட்டாலும் கால் கழன்று ஓடாது. சேற்றில் சிக்கினால் நேராக இழுக்காமல், குதிகாலை இடமும் வலமும் அசைத்துக் காற்று புகவிட்டுத் தூக்குங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. புது ட்ரெயில் ஷூ வாங்கினால், அதன் குதி உயரம் இப்போது போடும் ஷூவின் உயரமே இருக்க வேண்டும். உங்கள் கால் அந்த உயரத்துக்குத்தான் சரிசெய்யப்பட்டிருக்கிறது. கொஞ்சம் மாறினாலும் முழங்கால் முன்னாலோ பின்னாலோ தள்ளப்படும். 5 கிலோமீட்டருக்கு அது தாங்காது.

தடைகளுக்கு வருவோம். வலையில் ஏறும்போது செயற்கைப் பாதம் கண்ணிக்குள் மாட்டியது உங்களுக்கு உணர்வில் தெரியாது, கண்ணால் பார்த்து வைக்க வேண்டும். கயிற்றை நல்ல காலில் சுற்றி, செயற்கைக் காலால் அழுத்திப் பிடிக்கலாம். சுவர் உச்சியிலிருந்து குதிக்கவே கூடாது. கைகளில் தொங்கி, உடம்பை முழுக்க நீட்டி, அப்புறம் இறங்குங்கள். இல்லையென்றால் முழு அடியும் வலது முழங்காலில் விழும். அந்த முழங்கால் உங்களுக்கு இன்னும் பல வருடம் வேண்டும். கையில் தொங்கும் பலத்தைத்தான் அதிகம் வளர்க்க வேண்டும். மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். போட்டிக்கு முன் ஒருமுறை, மழை பெய்த மைதானத்தில் இதே லைனர், இதே ஸ்லீவோடு இரண்டு கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். ஓட ஓட ஸ்டம்ப் சுருங்கிச் சாக்கெட் தளரும். ஸ்டம்ப்பில் போடும் மாற்று சாக்ஸ் இரண்டை நீர்புகாப் பையில் போட்டு, காலின் திருகுகளை முடுக்கும் அலன் கீயோடு இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். நண்பர் கைகொடுக்கலாமா, முடியாத தடைக்கு மாற்று என்ன, கூட்டம் குறைந்த நேரத்தில் தொடங்க விடுவார்களா என்று கேளுங்கள். இது சலுகை கேட்பதல்ல, போட்டிக்குத் தயாராவது. நண்பர்களிடமும் ஒன்று சொல்லிவையுங்கள்: நீங்கள் கேட்காமல் யாரும் தூக்கிவிடக் கூடாது.

ஜெய்ப்பூர் கால் பைக்குள் இருக்கட்டும். முடிந்ததும் நனைந்த காலைக் கழற்றி, ஸ்டம்ப்பைக் கழுவி உலர்த்துங்கள். வீக்கமில்லாமல் அது பொருந்தினால் போட்டுக்கொண்டு வீடு திரும்பலாம். கொப்புளம் இருந்தால் ஆறும்வரை எந்தக் காலும் வேண்டாம், ஊன்றுகோல்தான். போட்டிக்கு முந்தின நாள் தோலில் சின்னப் புண் இருந்தாலும் சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் உள்ளே வரும். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், சேற்றுத் தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.